ஆஸ்கரோடு வேறு என்ன மீன் விடலாம்?

மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு கேள்வி தீரவே தீராது. "ஆஸ்கரோட வேற என்ன மீன் விடலாம்?" ஆஸ்கர் என்ற இடத்தில் ஃபிளவர்ஹார்ன், ரெட் டெவில், ஜாகுவார், கிரீன் டெரர் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கேள்வி மாறாது. கடைக்காரர் ஒரு பட்டியல் சொல்வார். ஏற்கனவே மீன் வளர்க்கும் நண்பன் இன்னொரு பட்டியல் சொல்வான். இரண்டையும் நம்பி வாங்கி விட்டால், ஆறு மாதம் கழித்துத் தொட்டியில் ஒரே ஒரு மீன் இருக்கும். நல்லா கொழுகொழுவென்று :-)

என்னைக் கேட்டால், கேள்வியே தப்பு. எந்த மீன் எந்த மீனோடு ஒத்துப்போகும் என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்காக இன்னொரு மீனை விட வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிக்லிட் என்பவர் யார்?

ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் சிக்லிட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏதோ அமேசான் காட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனால் கடையில் வறுத்துத் தருகிறார்களே ஜிலேபிக் கெண்டை, அதுவும் சிக்லிட்தான். அழகுக்காக எல்லோரும் வாங்கும் ஏஞ்சல் மீனும் சிக்லிட்தான். ஆக, இந்தக் குடும்பத்தில் சிலரை நாம் சாப்பிடுகிறோம், சிலரை ஹாலில் வைத்துப் பார்க்கிறோம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. மற்ற பல மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டுத் தன் வழியில் போய்விடும். சிக்லிட் போகாது. ஜிலேபிக் கெண்டை ஆண், குளத்தின் அடியில் குழி பறித்து அந்த இடத்தைக் காவல் காக்கும். பெண், முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். ஆஸ்கர், கல்லின் மேல் ஆயிரக்கணக்கில் முட்டை போட்டு, அம்மாவும் அப்பாவுமாக நின்று பாதுகாக்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாயும், அது உங்கள் கையாக இருந்தாலும் சரி.

நாம் "ரவுடி மீன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கோபத்தில் பெரும்பங்கு இடத்துக்காகவும் குஞ்சுகளுக்காகவும்தான். கையகல இடத்துக்கு வேலி போட்டு வைத்திருக்கும் ஒரு குடும்பஸ்தனுடைய கோபம் அது. மீதி, வெறும் பசி. வாயில் நுழைகிற அளவுக்குச் சின்ன மீனாக இருந்தால் அது தோழன் இல்லை, சாப்பாடு. இந்த இரண்டையும் எந்தப் பட்டியலாலும் மாற்ற முடியாது.

ரெண்டடித் தொட்டிக் கணக்கு

நம் ஊரில் அதிகம் விற்கும் தொட்டி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இரண்டு கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால், விளிம்பு வரை ஊற்றினாலும் சுமார் 57 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் ஐம்பதுக்கும் கீழே.

கடையில் ஆஸ்கர் குஞ்சு இரண்டு அங்குலம் இருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். அது நன்றாக வளர்ந்தால் ஓரடி. ஓரடி அகலத் தொட்டியில் ஓரடி மீன்! திரும்பக்கூட உடம்பை வளைத்துத்தான் திரும்ப வேண்டும். அதன் பக்கத்தில் இன்னொரு மீனையும் விட்டுவிட்டு, "சண்டை போடுதுப்பா" என்று புகார் சொல்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரைப் பூட்டி வைத்துவிட்டு, "ஏன் இவங்க ஒத்துமையா இல்லை?" என்று கேட்பது மாதிரிதான் இதுவும். சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் அண்ணன்களைக் கேட்டால் இன்னும் நன்றாக விளக்குவார்கள்.

ஒரே ஒரு ஆஸ்கருக்கே நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்று ஒன்பது கன அடித் தொட்டி வேண்டும். சுமார் 255 லிட்டர். தண்ணீர் மட்டும் 255 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, கல் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். வாடகை வீட்டு மாடியில் இதை வைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றில் சண்டை இல்லையா?

"இயற்கையிலேயும் பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத்தானே செய்யுது, இதுல என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆற்றில் தோற்ற மீனுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது ஓடிப் போய்விடலாம். பத்தடி தள்ளிப் போனால் துரத்தியவன் வீடு திரும்பிவிடுவான். அவனுக்கு வேண்டியது அந்த எல்லைதான், இதன் உயிர் அல்ல. தொட்டியில் இரண்டடிக்கு மேல் ஓட வழியே இல்லை. துரத்துகிறவன் கண்ணுக்கு, தோற்றவன் இன்னும் தன் வீட்டுக்குள்ளேயே நிற்கிறான். அதனால் அடி நிற்பதே இல்லை. ஆற்றில் சில நொடியில் முடிகிற சண்டை, தொட்டியில் நாள் கணக்கில் நடந்து கொலையில் முடிகிறது. அந்தக் கொலையை இயற்கை செய்யவில்லை, கண்ணாடி செய்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட்கள் மூன்றே மூன்றுதான். கேரளாக்காரர்கள் உயிராக நினைக்கும் கரிமீன், அவர்கள் பள்ளத்தி என்று சொல்லும் சின்ன ஆரஞ்சு நிற மீன், அப்புறம் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் மேற்குக்கரை ஆறுகளில் மட்டும் வாழும் இன்னொன்று. முதல் இரண்டும் இலங்கையிலும் உண்டு. இவற்றை 1970களில் வார்ட், வைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கவனித்து எழுதினார்கள். பள்ளத்தி, கரிமீனுடைய முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஆனால் அதே பள்ளத்தி கரிமீனின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தமும் செய்யும். கரிமீனும் நின்று உடம்பைக் காட்டும்! ஒரே நீரில் இருவரும் எதிரிகள், இருவரும் கூட்டாளிகள். இந்த உறவு நடப்பதற்கு ஒரு காயல் அளவு இடம் இருக்கிறது. முட்டையைக் காக்க வேண்டிய நேரத்தில் விரட்டலாம், உடம்பு அரிக்கும் நேரத்தில் கூப்பிடலாம். இதே இரண்டையும் ரெண்டடித் தொட்டியில் போட்டால் விரட்டல் மட்டும்தான் மிஞ்சும்.

தோழனா, அடி வாங்க ஆளா?

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு வாங்கிய கொன்ராட் லாரன்ஸ், ஆக்ரோஷத்தைப் பற்றி 1963-ல் எழுதிய புத்தகத்தில் சிக்லிட் ஜோடிகளைப் பற்றிச் சொல்கிறார். ஜோடி சேர்ந்த ஆண் மீன், தன் கோபத்தைக் காட்டப் பக்கத்தில் வேறு ஒரு மீன் இருக்கும்வரை பெண் மீனோடு சமாதானமாக இருக்கும். அந்த மூன்றாவது மீனை எடுத்துவிட்டால் கோபம் மனைவி மேல் திரும்பும்.

இன்றைக்கும் அனுபவசாலிகள் பலர் இதைத்தான் டிப்ஸாகச் சொல்கிறார்கள். "ஜோடியைத் தனியா விடாதே, இன்னொரு மீனைப் போடு, அதைத் துரத்திட்டு இருக்கும்." கேட்க புத்திசாலித்தனமாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாவது மீனின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அதன் வேலை என்ன? மற்றவர்கள் குடும்பம் நிம்மதியாக இருப்பதற்காக நாள் முழுவதும் அடி வாங்குவது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தொட்டித் தோழன்!

நான் முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் நேர்மையான பதில். இன்னொரு மீன் கேட்பது ஆஸ்கர் இல்லை, நாம்தான். ஒரே மீன் இருந்தால் தொட்டி காலியாகத் தெரிகிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். நிறம் வேண்டும், அசைவு வேண்டும். சிலருக்கு அந்தச் சண்டையே வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷை உயிரோடு போட்டு வீடியோ எடுப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். கோல்டு ஃபிஷ்ஷில் தையாமினேஸ் என்ற நொதி உண்டு. அது உடம்பில் இருக்கும் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். அதையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு நல்லதல்ல. மலிவு மீன் கொண்டுவரும் நோய் தனி. நல்ல பெல்லட் போட்டாலே ஆஸ்கர் ராஜாவாக வளரும். ஆக, உயிர் மீன் போடுவது மீனின் ஆரோக்கியத்துக்காக என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வாங்கும் விலை, வைத்திருக்கும் விலை

நான் காமர்ஸ் மாணவன். எதைப் பார்த்தாலும் கணக்குப் போடத் தோன்றும். படிப்பில் முதலில் சொல்லித் தருவது, வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும் வேறு வேறு என்பது. மீன் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆஸ்கர் குஞ்சை ஒரு பிரியாணிக் காசில் வாங்கிவிடலாம். அப்புறம்தான் கணக்கு ஆரம்பம்.

1. பில்டர். 25 வாட் பில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீனுக்கே போய்விட்டது. வாடகை வீட்டில் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களிடம் அந்த இலவசமும் கிடையாது.

2. ஹீட்டர். சென்னைக்காரர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஓசூர் மார்கழிக் குளிரில் தேவை. 200 வாட் ஹீட்டர் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 96 யூனிட்.

3. தண்ணீர். வாரம் கால்பங்காவது மாற்ற வேண்டும். 255 லிட்டரில் கால்பங்கு 64 லிட்டர், அதாவது மூன்று குடத்துக்கும் மேலே. ஒகேனக்கல் குடிநீரில் குளோரின் இருக்கும், அதை நீக்காமல் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். காரத்தன்மை கூடக்கூட மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் கூடும். நாலைந்து மீன்களை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. காலம். புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கப்புறம் ஆஸ்கர் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன். இன்றைக்கு வாங்கும் மாணவன் வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதும் அது இருக்கும்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான் இது. யானை இரண்டு அங்குலமாக இருக்கும்போது விற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபிளவர்ஹார்னை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஆற்றிலும் இயற்கையாகப் பிறந்த மீன் அல்ல. மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. தலையில் இருக்கும் புடைப்பு பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை கிளம்ப, இங்கேயும் "வாஸ்து மீன்" என்று விற்றார்கள். மற்ற மீன்களோடு சேர்ந்து வாழாத குணம் அதற்கு ரத்தத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதை இறக்குமதி செய்யவே அனுமதி கிடையாது. அதிர்ஷ்டம் அந்த வீட்டுக்கு வந்ததோ இல்லையோ, கூட விட்ட மீன்களுக்கு நிச்சயம் வரவில்லை.

ஏரியில் விடும் புண்ணியம்

கணக்கில் யாருமே எழுதாத ஒரு செலவு இன்னும் இருக்கிறது.

ஓசூரில் நிறைய பேர் வேலைக்காக வந்தவர்கள். ஷிப்ட் மாறும், கம்பெனி மாறும், வீடு மாறும். லாரியில் சாமான் ஏற்றும் நாளில் நாலடித் தொட்டியை என்ன செய்வது? ஓரடி ஆஸ்கரை யாரும் வாங்க மாட்டார்கள், கடைக்காரரும் தயங்குவார். அப்போது யாராவது ஒருவர் சொல்வார், "பாவம், ஏரியில விட்டுடு, பிழைச்சுப் போகட்டும்." ராமநாயக்கன் ஏரி பக்கத்தில்தான். கெலவரப்பள்ளி அணையும் தூரமில்லை.

இந்தப் புண்ணியத்தின் பலனுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஜிலேபிக் கெண்டை நம் ஊர் மீன் இல்லை, ஆப்பிரிக்க மீன். 1952-ல் மீன் உற்பத்தியைப் பெருக்கும் நல்ல எண்ணத்தோடு இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அது எங்கும் பரவி, மற்ற மீன்களின் இடத்தைப் பிடிப்பதைப் பார்த்து, 1959-லேயே அதைப் பரப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். மீன் தடையைப் படிக்கவில்லை. அமராவதி அணையில் அதன் ராஜ்ஜியம்தான் நடந்தது. இன்றைக்கு அது இல்லாத நீர்நிலையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜிலேபியாவது பாசியும் மட்கும் அதிகம் தின்னும் மீன். வேட்டையாடும் சிக்லிட் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பனாமா நாட்டின் காட்டுன் ஏரி சாட்சி. 1960களின் கடைசியில் பீக்காக் பாஸ் என்ற பெரிய சிக்லிட் அந்த ஏரிக்குள் புகுந்தது. சில வருடங்களிலேயே அங்கிருந்த உள்ளூர் மீன்கள் பல காணாமல் போனதை 1973-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. சின்ன மீன்கள் போனதும் அவற்றை நம்பியிருந்த பறவைகளும் குறைந்தன. கொசுப் புழுவைத் தின்ன ஆள் குறைந்ததால் கொசு பெருகியிருக்கலாம் என்ற கவலையும் அந்த ஆய்விலேயே வந்தது.

நம் ஆறு மட்டும் வேறு மாதிரியா? நந்தி மலையில் புறப்படும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வரும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு கெலவரப்பள்ளிக்கு வருகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். அணையில் நுரை பொங்குவதைப் பார்த்து "கர்நாடகாக்காரன் கழிவை அனுப்புறான்" என்று கோபப்படுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் நாம் ஏரியிலும் அணையிலும் விடும் மீனும் கீழே இருப்பவனுக்கு அனுப்பும் கழிவுதான். நுரையாவது காற்றில் கலையும். மீன் குஞ்சு பொரிக்கும்.

சரி, வளர்க்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. சிக்லிட் மாதிரி ஆளை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் வந்து நிற்கும் மீன் குறைவு. அந்தச் சந்தோஷம் எனக்கும் தெரியும். அதே போல "என் தொட்டியில ஒரு வருஷமா சண்டையே இல்லை" என்பவர்களும் பொய் சொல்லவில்லை. குஞ்சுகள் சண்டை போடுவது குறைவு. வயதுக்கு வந்து ஜோடி சேர்ந்து முட்டை போடும் நாளில்தான் தெரியும். ஆறடித் தொட்டியும் பெரிய பில்டரும் வைத்து, வாயில் நுழையாத அளவுள்ள சில்வர் டாலர் மாதிரி வேகமான மீன்களோடு ஆஸ்கரை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களை வேண்டுமென்றே கூட்டமாக வைத்து, அடி ஒருவர் மேலேயே விழாமல் பிரித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவை பெரும்பாலும் பாறையில் பாசியை மேய்பவை, வேட்டைக்காரர்கள் அல்ல. இதெல்லாம் இடமும் காசும் நேரமும் உள்ளவர்கள் செய்வது. நம்மில் எத்தனை பேருக்கு அது மூன்றும் இருக்கிறது?

என் கருத்து சுருக்கமாக இதுதான். நாலடித் தொட்டிக்கு இடம் இருந்தால் ஒரு ஆஸ்கர், தனியாக. தோழன் வேண்டாம், அது நம்மைத்தான் தோழனாக எடுத்துக்கொள்ளும். ரெண்டடித் தொட்டிதான் முடியும் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி. அவற்றிலும் அழகு உண்டு, குட்டி போடும், வீடும் மாறலாம். மீனை வைத்திருக்க முடியாத நிலை வந்தால் வாங்கிய கடையிலேயே காசு வாங்காமல் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிப் பிடியுங்கள். ஏரியில் மட்டும் வேண்டாம்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தொட்டியின் மேல் விலை ஒட்டுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே "இது ஓரடி வளரும், தனியாக வளர்க்கவும்" என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன? வியாபாரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் மூன்று மாதத்தில் மீன் செத்து, பொழுதுபோக்கே வேண்டாம் என்று தொட்டியைப் பரணில் ஏற்றுகிறவன் மறுபடி உங்கள் கடைக்கு வரப்போவதில்லை. கப்பி வாங்கி ஜெயித்தவன் வருவான். நீண்டகால லாபம் எது என்று எங்கள் பாடப் புத்தகத்தைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.